ஃபெயிலானது மோட்டாரா, நாங்களா? இரண்டு ஆங்கில வாக்கியங்களை எதைக் கொண்டு இணைப்பது

பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கத் தெருக்களில் நுழைந்தால் ஜெராக்ஸ் கடை, முத்திரைத்தாள் விற்பவர், நோட்டரி பலகை, அதற்கடுத்து ஜாப் டைப்பிங் என்று வரிசையாகப் பார்க்கலாம். அந்த வரிசையில் என் கடையும் ஒன்று. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். வாடகை ஒப்பந்தமும் அஃபிடவிட்டும்தான் பிழைப்பு. ஆனாலும் நாளுக்கு இரண்டு மூன்று பேராவது நோட்டுத்தாளில் எழுதிய ஆங்கிலக் கடிதத்தை நீட்டி, "கொஞ்சம் பார்த்து அடித்துக் கொடுங்கள் சார்" என்பார்கள். அந்தக் "கொஞ்சம் பார்த்து" என்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. என் தலைவலி முழுவதும் அதில்தான் இருக்கிறது.

போன மாதம் வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். வாடகை வீடு. வீட்டின் உரிமையாளர் காலமாகிவிட்டார், வெளியூரில் இருக்கும் அவருடைய மகள்தான் இப்போது கணக்குப் பார்க்கிறார், அவருக்குத் தமிழ் படிக்க வராது. மோட்டார் பழுதான ஒரு வாரம் தண்ணீருக்குச் செலவழித்ததை வாடகையில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று கடிதம். பதினோரு வரி, ஒன்பது கமா, கடைசியில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி. தொடக்கம் இப்படி: "தி மோட்டார் ஃபெயில்ட், வீ பாட் வாட்டர், தி மெக்கானிக் கேம், ஹீ ஆஸ்க்ட் மணி..."

பிரித்து எழுதலாமா என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "துண்டு துண்டாக இருந்தால் படிக்காதவர்கள் எழுதியது போல இருக்காதா சார்? எப்படியாவது சேர்த்தே கொடுங்கள்" என்றார்.

இந்த நம்பிக்கை அவருக்கு மட்டும் உரியதன்று. நம் பள்ளிகளில் ஆங்கில இலக்கணம் என்றாலே "இணைத்து எழுதுக" என்பதுதான். தனி வாக்கியத்தைத் தொடர் வாக்கியமாக்கு, தொடரைக் கலவையாக்கு, கலவையை மறுபடி தனியாக்கு. 1935-இல் முதலில் வெளிவந்து இன்றும் விற்பனையாகும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலிலும் வாக்கியங்களை இணைக்கும் பயிற்சிகள் அத்தியாயம் அத்தியாயமாக வருகின்றன. எப்படி இணைப்பது என்று அவ்வளவு பயிற்சி வாங்கியவர்களுக்கு, எப்போது இணைக்காமல் விடுவது என்று மட்டும் எவரும் சொல்லித்தந்ததில்லை. இணைத்த வாக்கியம் படித்தவருடையது, இணைக்காதது பாமரருடையது என்ற எண்ணம் அப்படித்தான் ஊறியிருக்கிறது.

அவருடைய கடிதத்தில் முதல் இரண்டு துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "தி மோட்டார் ஃபெயில்ட்." "வீ பாட் வாட்டர்." ஒவ்வொன்றும் எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியம். இவற்றைச் சேர்க்க ஆங்கிலத்தில் நடைமுறையில் ஆறு வழிகள் உண்டு. அவற்றில் ஐந்து சரி. மக்கள் தேடிப்போவது ஆறாவதை.

அந்த ஆறாவது, வெறும் கமா. "தி மோட்டார் ஃபெயில்ட், வீ பாட் வாட்டர்." ஆங்கில இலக்கணக்காரர்கள் இதற்குக் கமா ஸ்பிளைஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்பிளைஸ் என்பது கயிற்றின் இரு நுனிகளைப் பின்னிச் சேர்ப்பது. இங்கே அந்தப் பின்னல் நிற்காது என்பதுதான் குற்றச்சாட்டு. நம் தமிழ்ப் பெயர்களைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்: காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால் பங்கு நிறுத்தத்தை வைத்துக்கொண்டு இரண்டு முழு வாக்கியங்களைத் தாங்கச் சொன்னால் அது என்ன செய்யும்? ஓர் இணைப்புச் சொல் கைகொடுத்தால் தாங்கும். தனியாகத் தாங்காது. யாருடைய ஞானம் இந்தப் பெயர்களை வைத்ததோ, ஆங்கிலத்தில்கூட இவ்வளவு தெளிவான பெயர்கள் இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஜூலியஸ் சீசர் சொன்னதாக எல்லோரும் சொல்லும் "ஐ கேம், ஐ ஸா, ஐ கான்கர்ட்." மூன்று துண்டும் மிகச் சிறியவை, ஒரே எழுவாய், ஒரே வார்ப்பு, ஒரே தாளம். அதனால் கமா போதுமானதாக இருக்கிறது. வாடகை கழிக்கச் சொல்லும் கடிதத்தில் நாம் சீசராக வேண்டியதில்லை.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு பரவலாக வருகிறது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கவனக்குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. தமிழன் கமாவை வைக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே தமிழில் ஒரு வினையெச்சம் இருந்திருக்கும். "கடைக்குப் போய், பால் வாங்கி, காபி போட்டு, குடித்தேன்." நான்கு செயல்கள், ஒரே ஒரு வினைமுற்று. போய், வாங்கி, போட்டு மூன்றும் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. குடித்தேன் வந்து மூடுகிறது. நம் வாக்கியம் எவ்வளவு நீண்டாலும் குழம்பாமல் இருப்பதற்கு அந்த எச்சங்கள்தான் காரணம். கமா அங்கே வெறும் அலங்காரம். ஓலைச்சுவடிகளில் அதுகூடக் கிடையாது, யாரும் மூச்சு முட்டிப்போகவில்லை. ஆங்கிலத்துக்குப் போகும்போது "ஃபெயில்ட்", "பாட்", "கேம்" என்று ஒவ்வொரு வினையும் முற்றாகவே வந்து நிற்கிறது. ஒவ்வொரு கதவும் மூடியாகிவிட்டது. எச்சம் செய்த வேலையைக் கமாவின் தலையில் ஏற்றுகிறோம். அதற்கு அந்தத் தெம்பு இல்லை.

அப்படியானால் ஆங்கிலத்திலும் ஓர் எச்சத்தைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆங்கிலத்திலும் எச்சம் போன்ற ஒன்று இருக்கிறது; "ஹேவிங்" என்றோ "இங்" ஒட்டியோ வரும். அதுதான் இரண்டாவது வழி, படித்தவர்களை அதிகம் கவிழ்ப்பதும் அதுதான். பெண்மணியின் மகன் கல்லூரியில் படிக்கிறானாம், கடிதத்தின் இன்னொரு நகலில் அவன் திருத்தியிருந்தான்: "ஹேவிங் ஃபெயில்ட் ஆன் மண்டே, வீ பாட் வாட்டர்." கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் இந்த எச்சம் கமாவுக்குப் பிறகு முதலில் வரும் எழுவாயைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். அங்கே இருப்பது "வீ". ஆகவே இதன் பொருள், திங்கட்கிழமை நாங்கள் ஃபெயில் ஆகி, பிறகு தண்ணீர் வாங்கினோம். எந்தத் தேர்வில் என்று வீட்டுக்காரரின் மகள் கேட்டால் என்ன சொல்வது?

தமிழ் இலக்கணத்திலும் இதே விதி இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "செய்து" என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிய வேண்டும். அவன் வந்து, அவனே உட்கார வேண்டும். "செய" என்னும் வாய்பாடு வேறு எழுவாயையும் ஏற்கும்: மழை பெய்யக் குளம் நிறைந்தது. பேச்சில் நாம் "மழை பெய்து குளம் நிறைந்தது" என்று சொல்லிவிடுகிறோம், உரையாசிரியர்களும் அதை எச்சத்திரிபு என்று அமைதி சொல்லி மன்னித்துவிட்டார்கள். ஆங்கில உரையாசிரியர்கள் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. அங்கே வேறு எழுவாய் வேண்டுமானால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: "தி மோட்டார் ஹேவிங் ஃபெயில்ட், வீ பாட் வாட்டர்." இது நம் "மோட்டார் பழுதாக, நாங்கள் தண்ணீர் வாங்கினோம்" என்பதற்கு நேர். முற்றிலும் சரியான ஆங்கிலம். ஆனால் கோட்டு போட்ட ஆங்கிலம்; வக்கீல் நோட்டீசில் பொருந்தும், குடித்தனக்காரர் கடிதத்தில் கொஞ்சம் விறைப்பாக நிற்கும்.

இந்த வழியை ஒருவர் பிழையில்லாமல் கையாண்டதைப் பார்க்க வேண்டுமென்றால் நம் அரசியலமைப்பின் முகப்புரையைப் படிக்கலாம். ஆங்கில மூலம் முழுவதும் ஒரே வாக்கியம். "வீ, தி பீப்பிள் ஆஃப் இந்தியா" என்று எழுவாய் முதலிலேயே வந்துவிடுகிறது. உடனே "ஹேவிங் ஸாலம்லி ரிஸால்வ்ட்" என்று எச்சம். பிறகு நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் எல்லாம் வரிசையாக வந்து, 1949 நவம்பர் 26 என்ற தேதியும் வந்து, கடைசியில்தான் "டூ ஹியர்பை அடாப்ட்" என்று வினைமுற்று. தீர்மானித்தவர்களும் மக்கள், ஏற்றுக்கொண்டவர்களும் மக்கள். எச்சம் தவறான ஆளைப் பிடிக்க வழியே இல்லை. வினைமுற்றைக் கடைசிவரை காக்கவைக்கும் அந்த நடை எனக்கு எப்போதும் தமிழ் வாக்கியம் போலவே கேட்கிறது. ஆனால் அது நாட்டுக்கே ஒருமுறை எழுதியது. நம் கடிதத்துக்கு அந்த உயரம் தேவைப்படாது.

மூன்றாவது வழி, சின்ன இணைப்புச் சொற்கள். அண்ட், பட், ஆர், ஸோ, யெட், நார், ஃபார் என்று ஏழு. இவற்றில் அன்றாடம் உழைப்பவை முதல் நான்குதான். "ஃபார்" என்பதைக் காரணப் பொருளில் இப்போது எழுதினால் சுதந்திரத்துக்கு முந்தைய தலையங்கம் போல இருக்கும். "தி மோட்டார் ஃபெயில்ட், ஸோ வீ பாட் வாட்டர்." கமா இங்கேயும் இருக்கிறது, ஆனால் "ஸோ" தோள் கொடுக்கிறது. இரண்டாம் பாதிக்குத் தனி எழுவாய் இல்லையென்றால் கமாவும் வேண்டாம்: "வீ கால்ட் எ மெக்கானிக் அண்ட் பாட் வாட்டர்." பயப்படத் தேவையில்லாத வழி இது. தவறுவதற்கு இடமே குறைவு.

ஆனால் அண்டும் ஸோவும் ஒன்றல்ல. "அண்ட்" போட்டால் மோட்டார் பழுதானது, தண்ணீர் வாங்கினோம், இரண்டும் நடந்தன என்று மட்டும் பொருள். முதலாவதால்தான் இரண்டாவது நடந்தது என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். காசு கேட்கும் கடிதத்தில் ஊகத்தை எதிராளியிடம் விடுவது புத்திசாலித்தனமில்லை. நம்மவர்கள் "அண்ட்" மீது ஏன் இவ்வளவு பாசம் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. அது யாரையும் குற்றம் சாட்டாது.

இங்கே ஒரு பழைய மிரட்டலையும் சொல்லிவிட வேண்டும்: அண்ட், பட் இவற்றால் வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று வாத்தியார்கள் சொல்லியிருப்பார்கள். அப்படி ஒரு விதி ஆங்கிலத்தில் இல்லை. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் ஆதியாகமத்தின் முதல் அத்தியாயத்தைத் திறந்தால் 31 வசனங்களில் மிகப் பெரும்பாலானவை "அண்ட்" என்றுதான் தொடங்குகின்றன. தேர்வுத்தாளில் வேண்டுமானால் வாத்தியார் சொன்னபடியே எழுதிவிடுங்கள். மதிப்பெண் போடுபவர் அவர்.

நான்காவது வழி, காரணமும் காலமும் சொல்லும் சொற்கள். பிகாஸ், ஆல்தோ, வென், இஃப், சின்ஸ். என் அனுபவத்தில் நல்ல கடிதத்துக்கும் சுமாரான கடிதத்துக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது, தமிழர்கள் அதிகம் வழுக்குவதும் இங்கேதான். அதனால் இதில் சற்று நிற்கிறேன்.

முதல் வழுக்கல்: "வீ பாட் வாட்டர். பிகாஸ் தி மோட்டார் ஃபெயில்ட்." தமிழில் இது தவறே இல்லை. "தண்ணீர் வாங்கினோம். ஏனென்றால் மோட்டார் பழுதாகிவிட்டது." ஏனென்றால் என்பது "ஏன் என்று கேட்டால்" என்று தானே ஒரு கேள்வியைப் போட்டுக்கொண்டு புது வாக்கியத்தைத் தொடங்கிவைக்கிறது. பிகாஸ் அப்படியல்ல. அது எந்த வாக்கியத்தின் தலையில் உட்கார்ந்தாலும் அதை இன்னொன்றுக்கு அடிமையாக்கிவிடும். அடிமையைத் தனியாக நிறுத்தினால் ஆங்கிலக் கண்ணுக்கு அது அரை வாக்கியம். முன்னால் உள்ள புள்ளியை எடுத்துவிட்டால் போதும், சரியாகிவிடும்.

இரண்டாவது வழுக்கல், இரட்டைப் பூட்டு. "ஆல்தோ தி மெக்கானிக் கேம், பட் தி மோட்டார் டிட் நாட் ரன்." ஆல்தோ இருந்தால் பட் வேண்டாம், பட் இருந்தால் ஆல்தோ வேண்டாம். "பிகாஸ்... ஸோ" என்பதும் இப்படியே. தமிழில் "மெக்கானிக் வந்தாலும்" என்னும்போது அந்த "உம்" வினையோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்கிறது. அதற்கு மேல் "ஆனால்" போட்டால் நம் காதே ஒப்புக்கொள்ளாது. அதே காது ஆங்கிலத்தில் மட்டும் ஏன் தூங்கிவிடுகிறது? ஆல்தோ என்றால் "ஆயினும்" என்று மனப்பாடம் செய்ததுதான் காரணம் என்பது என் சந்தேகம். ஆயினும் நடுவில் வரும் சொல், ஆல்தோ பக்கவாட்டில் ஒட்டும் சொல். "வந்தாலும்" என்பதில் உள்ள "ஆலும்" என்று நினைத்துக்கொண்டால் தவறு வராது.

மூன்றாவது, வாய்க்கால் வரப்புச் சண்டை வரை கொண்டுபோய்விடக்கூடியது. அந்தக் கடிதத்திலேயே இருந்தது: "வீ டிட் நாட் கால் தி பிளம்பர் பிகாஸ் தி மோட்டார் ஃபெயில்ட்." அவர் சொல்ல வந்தது, பிளம்பரைக் கூப்பிட்டோம்தான், ஆனால் மோட்டாருக்காக அல்ல, மாடித் தொட்டியின் ஒழுகலுக்காக, அந்த பில் தனி. இதை வாசிப்பவர் இன்னொரு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம்: மோட்டார் பழுதானதால் பிளம்பரைக் கூப்பிடவே இல்லை. முதல் பொருளில் பிளம்பர் வந்தார், இரண்டாவதில் வரவே இல்லை. பில் மட்டும் இணைத்திருக்கிறது! "நாட்" ஒரு பக்கமும் "பிகாஸ்" மறுபக்கமும் இருந்தால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. வரவில்லை என்று சொல்ல வேண்டுமானால் பிகாஸ் பகுதியை முன்னால் கொண்டுவந்து கமா போட வேண்டும். வந்தார் என்று சொல்ல வேண்டுமானால் "வீ கால்ட் தி பிளம்பர், பட் நாட் பிகாஸ் தி மோட்டார் ஃபெயில்ட்" என்று உடைத்து எழுத வேண்டும்.

"சின்ஸ்" போட்டால் நாகரிகமாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். "சின்ஸ் தி மோட்டார் ஃபெயில்ட், வீ ஹேவ் பாட் வாட்டர் ட்வைஸ்." பழுதானதிலிருந்து இரண்டு முறையா, பழுதானதால் இரண்டு முறையா? இரண்டும்தான். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் நான் சின்ஸை எடுத்துவிட்டு பிகாஸ் போட்டுவிடுவேன். பிகாஸ் கொஞ்சம் முரட்டுச் சொல்தான், ஆனால் நேர்மையானது.

பிகாஸ் பகுதி முன்னால் வந்தால் அதன் முடிவில் கமா. பின்னால் வந்தால் பெரும்பாலும் கமா வேண்டாம். எதை முன்னால் வைப்பது என்பது இலக்கணமில்லை, கட்சி. கடைசியில் வருவது காதில் நிற்கும். "மோட்டார் பழுதானது" நிற்க வேண்டுமா, "நாங்கள் தண்ணீர் வாங்கினோம்" நிற்க வேண்டுமா என்று எழுதுபவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஐந்தாவது வழி, "ஹூ", "விச்", "தட்" வைத்து ஒன்றை இன்னொன்றின் வயிற்றுக்குள் வைப்பது. தமிழில் பெயரெச்சம் செய்யும் வேலை: "திங்கட்கிழமை பழுதான மோட்டார் புதியது." ஆங்கிலத்தில் இதை இரண்டு விதமாக எழுதலாம். "தி மோட்டார், விச் ஃபெயில்ட் ஆன் மண்டே, வாஸ் நியூ" என்று இருபுறமும் கமா போட்டால், இருப்பது ஒரே மோட்டார், திங்கட்கிழமை என்பது கூடுதல் தகவல். கமாக்களை எடுத்துவிட்டால் பல மோட்டார்களில் திங்கட்கிழமை பழுதான அந்த ஒன்று என்று பொருள். சென்னை வீட்டில் இது வேடிக்கையான நுணுக்கம் இல்லை. சம்ப்பில் ஒன்று, போர்வெல்லில் ஒன்று என்று இரண்டு மோட்டார்கள் உள்ள வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. எது யாருடைய பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். தமிழ்ப் பெயரெச்சம் இந்த வித்தியாசத்தைக் காட்டுவதே இல்லை. அதனால் நமக்கு அது இருப்பதும் தெரிவதில்லை. கமா போடாத இடத்தில் அமெரிக்கர்கள் "தட்" வேண்டும் என்பார்கள், பிரிட்டிஷ் வழக்கில் "விச்" இருந்தாலும் குற்றமில்லை. அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மிச்சம் இருக்கும் முதல் வழி, புள்ளிகள். முற்றுப்புள்ளி வைத்துப் பிரித்துவிடுவது, அல்லது அரைப்புள்ளி வைத்துச் சேர்ப்பது. ஒரே வழியின் இரண்டு அளவுகள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அரைப்புள்ளியைப் பற்றி எனக்குத் தனிப் பாசம் உண்டு. டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்த முதல் நாள் என்ன அடித்தோம்? இடது கையால் ஏ எஸ் டி எஃப், வலது கையால் செமிகோலன் எல் கே ஜே. லோயர், ஹையர் எழுதிய லட்சக்கணக்கான விரல்கள் அந்தக் குறியைத்தான் முதலில் தொட்டிருக்கின்றன, வலது சுண்டுவிரலில். விரலுக்குப் பழகியது தலைக்குப் பழகவே இல்லை. ஒரு ரீம் தாள் அடித்தாலும் கடிதங்களில் அதை ஒருவர்கூடப் போட்டுக்கொண்டு வருவதில்லை. இத்தனைக்கும் அது இந்த வேலைக்கென்றே பொருத்தமான குறி. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து அச்சகர் ஆல்டஸ் மனூட்டியஸ் அதை அச்சுக்குக் கொண்டுவந்தார். கமாவுக்கு மேல் ஒரு புள்ளி, கமாவை விடக் கனம், முற்றுப்புள்ளியை விட இலேசு. "தி மோட்டார் ஃபெயில்ட்; வீ பாட் வாட்டர்." இலக்கணம் சரி. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்கிறது, என்ன தொடர்பு என்று சொல்லாமல் புன்னகைக்கிறது. முகப்புரையில் நீதி, சுதந்திரம் என்ற வரிகளின் முடிவில் நிற்பதும் இதுவே. அங்கே உள்ளே ஏற்கெனவே கமாக்கள் இருப்பதால் அவற்றை விடப் பெரிய வேலி தேவைப்பட்டிருக்கிறது.

அரைப்புள்ளி கட்டாயமாகத் தேவைப்படும் இடம் ஒன்று, "ஹவெவர்", "தேர்ஃபோர்", "அதர்வைஸ்" வரும்போது. "தி மெக்கானிக் கேம், ஹவெவர் தி மோட்டார் டிட் நாட் ரன்" என்பது மாறுவேடத்தில் வந்த அதே கமா ஸ்பிளைஸ். "ஆனால்" என்ற ஒரே தமிழ்ச் சொல்லால் "பட்" என்பதையும் "ஹவெவர்" என்பதையும் மொழிபெயர்த்துப் படித்ததால் இரண்டும் ஒரே சாதி என்று நினைக்கிறோம். பட் இணைக்கும், ஹவெவர் இணைக்காது, வெறுமனே திரும்பிப் பார்க்கும். அதற்கு முன்னால் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும், பின்னால் கமா வேண்டும். இவ்வளவு உபசாரம் கேட்கும் சொல்லை விட்டுவிட்டு "பட்" போடுவது எளிது.

முற்றுப்புள்ளி பற்றிச் சொல்ல அதிகமில்லை. தவறவே தவறாது. தொடர்ந்து ஏழெட்டு வைத்தால் தந்தி போல இருக்கும், அவ்வளவுதான். ஆனால் நான் அடித்த கடிதங்களில் ஒரு காரியத்தைச் சாதித்தவற்றை நினைத்துப் பார்த்தால், முக்கியமான செய்தி எப்போதும் ஒரு குட்டி வாக்கியத்தில் தனியாக நின்றிருக்கிறது. ஒன்பது கமாக்களுக்கு நடுவே இருந்த தொகையை யாரும் கண்டுபிடித்ததில்லை.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது? பள்ளித் தேர்வு எழுதுபவருக்குத் தேர்வே கிடையாது; காம்பவுண்ட் என்று கேட்டால் அண்டும் பட்டும், காம்ப்ளெக்ஸ் என்று கேட்டால் பிகாஸும் விச்சும், சிம்பிள் என்று கேட்டால் ஹேவிங். கேட்டதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரலாம். ஒப்பந்தம், அஃபிடவிட் அடிப்பவருக்கு என் யோசனை, பத்திக்கு எண் போட்டு ஒரு பத்திக்கு ஒரு செய்தி. இணைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். வேலை விண்ணப்பம் எழுதும் இளைஞர்கள் ஹேவிங்கில் தொடங்கும் பழக்கத்தை விட்டால் பாதிப் பிழை குறையும். "ஹேவிங் கம்ப்ளீட்டட் பி.காம்., மை ஃபாதர் ரன்ஸ் எ ஷாப்" என்று ஒரு விண்ணப்பம் வந்தது. பட்டம் தந்தைக்குப் போய்விட்டது.

பணமோ உரிமையோ கேட்கும் கடிதத்துக்கு, ஒரு பிகாஸ், மற்றதெல்லாம் முற்றுப்புள்ளி. காரணத்தை ஒரே ஒரு இடத்தில் அழுத்திச் சொல்லிவிட்டு மீதியைப் பிரித்துவிட வேண்டும். அரைப்புள்ளியை ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

வியாசர்பாடிக் கடிதத்தை அப்படித்தான் அடித்தேன். "பிகாஸ் தி சம்ப் மோட்டார் ஃபெயில்ட் ஆன் மண்டே, வீ பாட் வாட்டர் ட்வைஸ். தி மெக்கானிக் கேம் ஆன் வெட்னஸ்டே அண்ட் ரீவௌண்ட் தி காயில். வீ பெய்ட் ஹிம். தி பில் இஸ் அட்டாச்ட்." பிளம்பர் கதைக்குத் தனிப் பத்தி. கழிக்க வேண்டிய தொகைக்குத் தனி வரி. பெண்மணி இரண்டு முறை படித்துப் பார்த்தார். சிறியதாக இருப்பதில் அவருக்கு முழுத் திருப்தி இல்லை என்பது தெரிந்தது. இருந்தாலும் மோட்டார்தான் ஃபெயிலானது, நீங்கள் அல்ல என்று விளக்கியதும் சிரித்துவிட்டார்.

போகும்போது, வீட்டில் மாமியாருக்குப் படித்துக் காட்டத் தமிழில் ஒரு நகல் வேண்டும் என்றார். அடித்துக் கொடுத்தேன்: "திங்கட்கிழமை சம்ப் மோட்டார் பழுதாகி, குடிக்கவும் புழங்கவும் தண்ணீர் இல்லாமல் இரண்டு முறை லாரித் தண்ணீர் வாங்கி, புதன்கிழமை மெக்கானிக்கை வரவழைத்துக் காயில் கட்டி, அதற்கான பில்லையும் இத்துடன் இணைத்து, செலவான தொகையை இந்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அவர் தாளைக் கையில் வாங்கிப் படித்தார். "இதைத்தானே சார் நான் முதலிலேயே எழுதிக்கொண்டு வந்தேன்" என்றார்.

இரண்டு தாளுக்கும் சேர்த்து 50 ரூபாய் வாங்கிக்கொண்டேன்.